இல்லமும் வழியும்: வெண்ணிலம் நோக்கி ஒரு வீட்டு வண்டி



நம் வாசகக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த கடிதத்திற்கு இம்மாதம் விடை கூற முற்படுகிறேன். எழுதியவர் அவ்வீட்டு மருமகள். கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். அங்கே பாலைவனத்துச் சாலைகளில், காரின் பின்னால் சிறு வீடு போன்ற டிரெய்லர் ஒன்றை இணைத்து இழுத்துக்கொண்டு குடும்பங்கள் உலாச் செல்வதைக் கண்டு, அவருக்கும் அவ்வாசை பிறந்திருக்கிறது. இங்கும் அத்தகைய டிரெய்லர் ஒன்றைச் செய்வித்து, மே மாத விடுமுறையில் பெற்றோரையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மரக்காணம் உப்பளங்களைக் கண்டு, பின்னர் வேளாங்கண்ணி வரை செல்ல எண்ணுகிறார். மாமனாருக்கு 78 வயது. அவர் இளமையில் மரக்காணத்தில் உப்பு வாரியவர். தாம் உழைத்த பாத்திகளைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். "போகலாமா? போவதாயின் எவ்வாறு ஆயத்தம் செய்வது?" என்பது வினா.

விடையைச் சுருங்கக் கூறின், தாராளமாகப் போகலாம். ஆனால் மே மாதத்தில் அன்று. காரணத்தையும் வழிமுறையையும் கீழே விரிக்கிறேன். டிரெய்லர் வாங்க எண்ணாதவர்களும், வேன் அமர்த்திக்கொண்டு பாத்திரபண்டங்களோடு திருத்தலங்களுக்குச் செல்லும் குடும்பத்தினரும் இதில் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

முன்னோர் ஓட்டிய வீடு

வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வழி நடப்பது மேனாட்டார் கண்ட புதுமை என்று எண்ண வேண்டா. சங்க காலத்து உப்பு வணிகராகிய உமணர் செய்தது அதுவே. கடற்கரையில் உப்பை ஏற்றிக்கொண்டு, வண்டி வண்டியாய், மனைவி மக்களோடு உள்நாட்டை நோக்கிப் புறப்படுவர். பெரும்பாணாற்றுப்படை அவ்வண்டியைப் படம் பிடித்தாற்போலக் காட்டுகிறது. மேலே கூரை வேய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் கோழிக்கூடு. சிறிய உரல் ஒன்று கட்டித் தொங்குகிறது. காடி வைத்த கலமும் கயிற்றில் ஆடுகிறது. கைக்குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். வலிய ஆடவர் பக்கத்தில் காவலாக நடந்து வருகின்றனர். சமையலறை, பண்டகசாலை, பள்ளியறை யாவும் ஒரே வண்டியில்!

சிறுபாணாற்றுப்படையோ மரக்காணத்துக்கு இன்னும் நெருங்கியது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழி சொல்லும் அந்நூலில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு ஒருமைப்படுத்துவர் அறிஞர். திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலே நல்லியக்கோடனின் ஊர். எந்த ஊரில் தங்கலாம், அங்கே யார் என்ன உணவு தருவர் என்று முறைப்படச் சொல்லும் அந்நூலைப் பயணத் திட்டம் என்றே கொள்ளலாம். உமணரின் வண்டிகளோடு செல்லும் வளர்ப்புக் குரங்கு அவர்தம் பிள்ளைகளோடு கூடிக் கிலுகிலுப்பை ஆட்டி விளையாடும் காட்சியும் அதில் உண்டு.

உமணரின் முன்னெச்சரிக்கை ஒன்றை ஔவையார் புறநானூற்றில் எடுத்தாள்கிறார். சுமையோ பெரிது, வழியோ மேடு பள்ளம், எருதுகளோ இளையவை. ஆகவே வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே அவர்கள் புறப்படுவராம். நம் டிரெய்லருக்கும் அதுவே முதற்பாடம். காருக்கு மாற்றுச் சக்கரம் இருப்பது போதாது. டிரெய்லரின் சக்கரம் பெரும்பாலும் வேறு அளவினதாகையால், அதற்கெனத் தனி மாற்றுச் சக்கரமும், அதன் அடியில் வைக்கத்தக்க ஜாக்கியும், அச்சில் இடும் கிரீசும் உடன் இருத்தல் வேண்டும்.

எப்போது புறப்படுவது?

தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். எனினும் பாலைக்கெனத் தனி நிலம் காட்டவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கதிரவன் வெம்மையால் நிலை திரிந்தபோது பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் கூறும் கருத்து. மரக்காணத்து உப்புவெளியைக் கண்டவர் இதன் பொருளை உடனே உணர்வர். பிறப்பால் அது நெய்தல். கோடையில் அதுவே பாலை. கண்ணுக்கு எட்டிய தூரம் மரமில்லை, நிழலில்லை, குடிக்க நன்னீரில்லை. மேலிருந்து வெயில், கீழிருந்து வெள்ளை உப்பில் பட்டெழும் ஒளி. மே மாதத்தில் அக்கினி நட்சத்திரம் வேறு.

முதுமையில் தாக உணர்வு குறைந்துவிடும். உடலில் நீர் வற்றிய பின்னும், "எனக்கு ஒன்றும் வேண்டா" என்றே பெரியவர்கள் கூறுவர். சிறு குழந்தைகளின் உடலோ விரைவில் சூடேறும். ஆதலால் 78 வயதினர் ஒருவரையும் இரு குழந்தைகளையும் மே மாதத்தில், தகரக் கூரையிட்ட டிரெய்லரில் பகல் முழுதும் வைத்திருப்பது உலா அன்று, ஆபத்து.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களும் ஆகா. வடகிழக்குப் பருவமழையில் உப்பு விளைவதில்லை. இக்கரை புயல் வரும் கரையுமாகும். 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்துக்கு அருகே கரை கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையேறியது.

மழை ஓய்ந்து, பாத்திகளைத் திருத்தி, நீர் பாய்ச்சி, உப்பு திரளத் தொடங்கும் பிப்ரவரிக் கடைசியும் மார்ச்சு முதல் வாரமும் ஏற்ற காலம். அப்போது வெயில் கடுமையாயிராது. அருகிலுள்ள கழுவெளியில் குளிர்காலத்துக்கு வந்த பறவைகளும் ஓரளவு தங்கியிருக்கும். பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி எனப்படும் கழுவெளி, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள வெண்மணற்காடு போன்ற உப்புப் பாலையைக் காண வருவோருக்கும் அங்குள்ள அரசு குளிர்காலத்திலேயே விழா எடுக்கிறது. வெண்ணிலத்தைக் கோடையில் காண விரும்புவது அறியாதார் ஆசை.

பிள்ளைகளின் தேர்வு நெருங்கும் காலமாயிற்றே என்பீர்கள். உண்மைதான். வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களில் சென்னை, மரக்காணம், புதுவை வரை சென்று திரும்பலாம். வேளாங்கண்ணியைப் பிறிதொரு முறைக்கு வைத்துக்கொள்ளலாம். மகனுக்கு மே மாதத்தில்தான் விடுப்பு என்றால், டிரெய்லரை விட்டுவிட்டுக் காரில் சென்று, புதுவையில் நல்ல விடுதியில் பெரியவரைத் தங்கவைத்து, விடியற்காலை 5.30 முதல் 7.30 மணி வரை மட்டும் உப்பளத்தைக் காட்டித் திரும்புங்கள். உப்பளத் தொழிலாளரே கோடையில் இருள் பிரியுமுன் வேலையைத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிக்கப் பார்ப்பவர்கள். அவர்களைவிட நாம் வெயிலுக்கு வல்லவர்கள் அல்லேம்.

இழுக்கும் வண்டியும் இழுபடும் வண்டியும்

நம் நாட்டில் 'கேரவன்' என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் தங்கும் பெரிய வண்டியே பலர் நினைவுக்கு வரும். கேரளத்தில் 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் தொடங்கப்பட்டது. இவற்றில் பெரும்பாலானவை தாமே ஓடும் வண்டிகள். காரால் இழுக்கப்படும் டிரெய்லர் வேறு வகை. அதற்கெனச் சில நெறிகள் உண்டு.

முதலாவது, காரின் கையேட்டைப் புரட்டி, அது எவ்வளவு எடையை இழுக்கலாம் எனக் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். பல சிறு கார்களுக்கு அவ்வாறு எதுவும் குறிக்கப்பட்டிருப்பதில்லை. அத்தகைய காரில் டிரெய்லரை இணைக்கலாகாது. பழுதுற்ற காரை இழுத்துச் செல்வதற்கென முன்னும் பின்னும் உள்ள கொக்கி டிரெய்லரைத் தாங்குவதற்கு உரியது அன்று. பம்பரில் பற்றவைத்த இரும்பும் போதாது. இணைப்புச் சட்டம் வண்டியின் அடிச்சட்டத்தோடு திருகாணியிட்டு முடுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, டிரெய்லருக்குத் தனிப் பிரேக். ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தன் பிரேக் இருந்தே தீர வேண்டும். குடும்பத்தைச் சுமந்த காரைப் பின்னாலிருந்து முக்கால் டன் எடை தள்ளுவதை எண்ணிப் பார்த்தால் இவ்விதியின் நியாயம் விளங்கும். எடை அதற்குக் குறைவாயினும் பிரேக் இருத்தல் நலம். இணைப்பு கழன்றாலும் டிரெய்லர் தனித்து ஓடிவிடாதபடி, இரு சங்கிலிகளை இணைப்பின் கீழே ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக மாட்டி வையுங்கள். பின்விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் விளக்கு மூன்றும் டிரெய்லரிலும் எரிகின்றனவா என்று புறப்படும்போதெல்லாம் ஒருவர் பின்னால் நின்று பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் பதிவு செய்யப்படல் வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் அதில் காட்டப்படல் வேண்டும். பட்டறையில் செய்வித்துக்கொண்டு அப்படியே சாலையில் இறங்கிவிட முடியாது. செய்விக்கும் முன்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிக. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்து, டிரெய்லர் இணைத்த நிலையிலும் காப்பீடு செல்லுமா என்று எழுத்திலேயே விடை பெறுக.

நான்காவது விதி ஒன்றுண்டு. அதற்கு விலக்கே இல்லை. வண்டி ஓடும்போது டிரெய்லருக்குள் ஒருவரும் இருத்தலாகாது. "தாத்தா உள்ளே சற்றுப் படுத்துக்கொள்ளட்டும்" என்று தோன்றும், அன்பினால்தான் தோன்றும். ஆனால் அங்கே இருக்கைப் பட்டை இல்லை. ஓட்டுநர் அவரைக் காண இயலாது. அவர் குரலும் கேளாது. களைத்தவருக்குக் காரின் முன்னிருக்கையைச் சாய்த்துக் கொடுங்கள்.

சுமையை எங்கே வைப்பது?

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். டிரெய்லரும் அவ்வாறே. பின்பக்கம் பாரம் கூடினால், வேகத்தில் டிரெய்லர் பாம்பைப் போல வலமும் இடமும் நெளியத் தொடங்கி, இறுதியில் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். ஆதலால் கனத்த பொருள்கள் யாவும் அச்சின்மேல் அல்லது அச்சுக்குச் சற்று முன்னே, தரையோடு தரையாக இருத்தல் வேண்டும். மேற்பலகைகளில் துணியும் பாயும் மட்டுமே வைக்கலாம்.

கணக்கும் எளிது. டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இணைப்பு முனையில் இறங்க வேண்டும். மொத்தம் 700 கிலோவாயின், முனையில் 70 கிலோவுக்குக் குறையாமலும் 100 கிலோவுக்கு மிகாமலும் இருக்கட்டும். காரின் கையேடு முனைக்கு ஒரு வரம்பு குறித்திருப்பின் அதையும் மீற வேண்டா. முழு எடையை லாரிகள் நிறுக்கும் எடைமேடையில் பார்க்கலாம். முனையின் எடையை, வீட்டில் ஆள் நின்று பார்க்கும் எடைப்பொறியைப் பலகையின்மேல் வைத்து அறியலாம். நீர், பாத்திரம், படுக்கை யாவற்றையும் ஏற்றிய பின்னரே நிறுக்க வேண்டும். வெறும் வண்டியை நிறுத்துப் பயனில்லை.

எடையில் நம்மை ஏமாற்றுவது நீர். ஆறு பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் எனக் குடிநீர் மட்டுமே 24 லிட்டர். இரு நாளுக்கு 48. புழங்கும் நீரும் சேர்ந்தால் 100 லிட்டர் ஆகிவிடும். 100 லிட்டர் என்பது 100 கிலோ. ஆகவே நீர்த்தொட்டி அச்சின்மேலேயே அமைதல் வேண்டும். பாதி நிறைந்த தொட்டியில் நீர் அலைமோதி வண்டியை ஆட்டும். அது நிறைந்திருக்கட்டும், அல்லது வெறுமையாயிருக்கட்டும். குடிநீரை மட்டும் காரில் கையெட்டும் இடத்தில் வையுங்கள்.

எரிவாயு சிலிண்டர் சிறியதாக, நிமிர்ந்த நிலையில், வெளிப்புறப் பெட்டியில் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஓடும்போது அதன் வால்வு மூடியிருக்கட்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். எனவே டிரெய்லரின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் வேண்டும். கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கரியடுப்போ மண்ணெண்ணெய் அடுப்போ மூட்டுவது உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும் செயல். நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு ஒருவரையும் எழுப்பாது.

சாலையும் காற்றும்

சென்னையிலிருந்து மரக்காணம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மாமல்லபுரம், கல்பாக்கம் கடந்து, பாலாற்றைத் தாண்டி, கூவத்தூர், கடப்பாக்கம் வழியாகச் சாலை செல்கிறது. கடப்பாக்கத்தில் இறங்கி ஆலம்பரைக் கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். முகலாயர் காலத்தில் எழுந்து, 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட கோட்டை அது. சாலையை அடுத்துச் செல்லும் பக்கிங்காம் கால்வாயையும் காட்டுங்கள். ஆந்திரத்துக் காக்கிநாடா தொடங்கி இப்பகுதி வரை நீண்ட அந்நீர்வழியில் ஒரு காலத்தில் படகுகள் உப்பும் விறகும் சுமந்து சென்றன.

காலை 5 மணிக்குப் புறப்பட்டால், 50, 60 கிலோமீட்டர் வேகத்தில், இருமுறை இறங்கி இளைப்பாறி, 9 மணிக்குள் சேரலாம். அதற்கு மேல் விரைய வேண்டா. வேகம் இரு மடங்கானால் வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்; டிரெய்லர் இருந்தால் அது இன்னும் கூடும். முன்வண்டிக்கு வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குக. அண்மை ஆண்டுகளில் இச்சாலையை அகலப்படுத்தும் பணிகள் நடந்துள்ளமையால், திருப்பங்களும் மாற்றுப்பாதைகளும் எதிர்ப்படக்கூடும். அங்கெல்லாம் டிரெய்லர் உள்வளைவை ஒட்டித் திரும்பும் என்பதை நினைவிற்கொண்டு, அகலமாக வளைத்துத் திருப்புக.

விடியலில் புறப்படச் சொல்வதற்கு வெயில் மட்டும் காரணமன்று. சாலை வடக்கிலிருந்து தெற்காகச் செல்கிறது. கடற்காற்றோ பிற்பகலில் வலுத்துக் கிழக்கிலிருந்து குறுக்கே வீசுகிறது. உயரமான டிரெய்லரின் பக்கச் சுவர் அக்காற்றுக்குப் பாய்மரமாகிவிடும். கழிமுகப் பாலங்களில் காற்று இன்னும் வலிது. விரைவுப் பேருந்து கடந்து செல்லும்போதும் வண்டி முதலில் தள்ளப்பட்டுப் பின்பு இழுக்கப்படும். அவ்வேளை டிரெய்லர் நெளியத் தொடங்கினால் செய்யத்தக்கது ஒன்றே. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். திடீரெனப் பிரேக்கை மிதிப்பதும், எதிர்த்திசையில் வெட்டித் திருப்புவதும், விரைந்தால் நேராகும் என எண்ணுவதும் கேட்டையே விளைக்கும்.

பின்னோக்கி ஓட்டுவதை வீட்டருகே வெறுந்திடலில் ஒரு வாரமாவது பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்துக்கொண்டால், கை செல்லும் பக்கமே டிரெய்லரும் செல்லும். இந்த ஓர் உத்தி பாதித் தொல்லையைக் குறைக்கும்.

மேலும் ஒன்று. ஆகஸ்டு 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிப் பெருவிழா. அதற்கு முந்தைய நாள்களிலும் ஆயிரக்கணக்கானோர் இச்சாலையோரமே, இரவிலும் விடியலிலும், மாதாவின் சிறு தேரை இழுத்துக்கொண்டு நடந்து செல்வர். காரைவிட அகன்ற டிரெய்லர் ஓரத்தில் நடப்பவரை உரசிச் செல்லக்கூடும் என்பதைக் காரோட்டி உணரார். அந்நாள்களில் இவ்வண்டியோடு இச்சாலைக்கு வருவதைத் தவிர்ப்பதே, நடந்து செல்லும் நம் உடன்பிறப்புகளுக்கு நாம் செய்யும் உதவி.

இரவு எங்கே?

வெளிநாடுகளில் டிரெய்லர் நிறுத்துவதற்கெனத் திடல்கள் உண்டு. நம் கரையில் அத்தகைய வசதி அரிது. சாலையோரத்தில் நிறுத்தி உறங்குவது லாரிக்கு இரையாவதற்கு ஒப்பாகும். கடற்கரை மணலில் இறக்கினால் சக்கரம் புதையும். ஆகவே தங்குமிடத்தைப் புறப்படுமுன்னரே உறுதி செய்க. வழியிலுள்ள பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே எழுதியோ தொலைபேசியிலோ கேட்டால், ஆலய வளாகத்தில் ஓர் இரவுக்கு இடம் தரக்கூடும். ஞாயிறு திருப்பலிக்கும் வசதியாகும். இடம் தந்தவரின் கழிப்பறையைத் தூய்மையாக விட்டுச் செல்வதும், குப்பையை நம்மோடு எடுத்துச் செல்வதும் நம் கடன். இடம் கிடையாவிடில் புதுவையில் வண்டியை நிறுத்தும் வசதியுள்ள விடுதியே நலம். மரக்காணத்திலிருந்து புதுவை ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான்.

உப்பளத்தின் வாயிலில்

டிரெய்லரைத் தங்குமிடத்திலேயே கழற்றி வைத்துவிட்டுக் காரில் மட்டும் உப்பளத்துக்குச் செல்க. பாத்திகளுக்கிடையே செல்லும் வழிகள் குறுகியவை. எதிரே உப்பேற்றிய டிராக்டர் வந்தால் டிரெய்லரைத் திருப்ப இடமிராது. வெள்ளையாய், உலர்ந்ததாய்த் தோன்றும் தரையின் கீழே கருஞ்சேறு இருக்கும். மேற்பொருக்கு உடைந்தால் சக்கரம் அச்சுவரை இறங்கும். தார்ச்சாலையை விட்டு இறங்குமுன் ஒருவர் நடந்து பார்த்தல் வேண்டும்.

உப்பளம் காட்சிச்சாலை அன்று. பிறர் உழைத்து உண்ணும் வயல். விளைந்த பாத்தியில் மிதித்தால் உப்பு அழுக்காகும். வரப்பை உடைத்தால் பல நாள் காய்ந்த நீர் வீணாகும். ஒருநாள் மழையே விளைச்சலைக் கரைத்துவிடும் தொழில் அது. தொழிலாளரைப் படமெடுக்குமுன் கேளுங்கள். இயன்றால் குளிர்ந்த குடிநீரும் மோரும் கொண்டுபோய்க் கொடுங்கள்; அவ்வெளியில் அதனினும் சிறந்த கொடை இல்லை.

இனிப் பெரியவரைப் பேசவிடுங்கள். கழிநீரை முதற்பாத்தியில் தேக்கி, வெயிலில் காய்ச்சி, அடுத்த பாத்திக்கு மாற்றி, நீர் தடித்த பின் கடைசிப் பாத்தியில் உப்பு திரள்வதை அவரே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் ஏறத்தாழ 35 கிராம். அதில் நாம் உண்ணும் உப்பு 27 கிராம் அளவே. ஒரு கிலோ உப்புக்கு எத்தனை லிட்டர் கடல்நீர் வற்ற வேண்டும் என்று பிள்ளைகளைக் கணக்கிடச் சொல்லுங்கள். ஏறத்தாழ 37 லிட்டர் என்று விடை வரும். அந்த ஒரு கிலோவைத் தாத்தா எத்தனை ஆயிரம் முறை வாரியிருப்பார் என்பதை அவர்களே எண்ணிக்கொள்வர். காலில் வெடித்த புண்ணும், கண்ணைக் கூசவைத்த வெண்மையும் குடும்பத்தை உயர்த்திய கதையை அவ்விடத்தில் நின்று கேட்பதற்கே இப்பயணம் அமைவதாக.

அங்கு இரண்டு மணி நேரம் போதும். தொப்பி, குடை, கறுப்புக் கண்ணாடி, மூடிய காலணி யாவர்க்கும் வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை, தாகம் இருப்பினும் இல்லாவிடினும், பெரியவரும் பிள்ளைகளும் நீர் அருந்தட்டும். வயிற்றுப்போக்கோ மிகுந்த வியர்வையோ கண்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் (தலைதட்டிய அளவு) கலந்து சிறுகச் சிறுகக் கொடுங்கள். இரத்தக் கொதிப்போ இதய நோயோ உள்ள முதியவராயின் மருத்துவரை முன்னரே கேட்டுவைத்தல் நலம். உடல் கொதித்து, பேச்சுத் தடுமாறி, மயக்கம் கண்டால் அது வெப்பவாதம். உடனே நிழலில் கிடத்தி, நீர் தெளித்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

இல்லத்தரசிக்கும் விடுமுறை

கடிதம் எழுதிய சகோதரி கேளாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டை இழுத்துச் சென்றால் வீட்டு வேலையும் பின்னாலேயே வரும். குறுகிய இடத்தில், வெப்பத்தில், ஆறு பேருக்கு மூவேளையும் சமைப்பது மருமகளின் பொறுப்பு என்றாகிவிட்டால், அவளுக்கு மட்டும் அது பயணமாகாது. புறப்படுமுன் வேலைகளைப் பெயரிட்டுப் பகிர்ந்துகொள்ளுங்கள். நீர் நிரப்புவது ஒருவர். இணைப்பையும் விளக்கையும் சரிபார்ப்பது ஒருவர். பாத்திரம் துலக்குவது ஆடவர். முதல்நாளுக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொள்ளலாம்; பிறகு ஒருவேளையேனும் உணவகத்தில் உண்ணலாம். உமணரின் வண்டியை ஓட்டியவள் பெண் என்பதை மறவாதீர். டிரெய்லரை இணைக்கவும் கழற்றவும், நெளியும்போது வண்டியை நிலைநிறுத்தவும் அவளும் பழகியிருத்தல் வேண்டும். ஓட்டுபவருக்கு உடல் நலம் கெட்டால் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க இன்னொருவர் வேண்டுமன்றோ?

வேளாங்கண்ணிக்கும் செல்வதாயின், புதுவையில் ஒரு பகல் முழுதும் இளைப்பாறி, மறுநாள் விடியலில் புறப்படுக. கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகை வழியாக ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ஊர்களுக்குள் தெருக்கள் குறுகலாதலால், புறவழிச்சாலை உள்ள இடங்களில் அதையே கொள்க.

திரும்பி வந்ததும் முதல் வேலை, காரையும் டிரெய்லரையும் அடிப்புறம் உட்பட நன்னீரால் கழுவுதல். உப்பு சோற்றுக்குச் சுவை; இரும்புக்கு எமன். பிரேக், சக்கர அச்சு, சங்கிலி, இணைப்பு ஆகியவற்றைத் துடைத்து எண்ணெயிட்டு வையுங்கள். கழுவாமல் நிறுத்திய வண்டி அடுத்த பயணத்தில் நடுவழியில் கணக்குத் தீர்க்கும்.

மகனுக்கு இன்றே எழுதுங்கள், விடுப்பை மே மாதத்திலிருந்து பிப்ரவரிக் கடைசிக்கு மாற்ற இயலுமா என்று. இயலுமாயின் டிரெய்லரோடு செல்க. இயலாவிடின் டிரெய்லரின்றிச் செல்க. பெரியவரின் ஆசையை மட்டும் அடுத்த ஆண்டுக்கு என்று தள்ளிவைக்காதீர்கள். 78 வயதில் அடுத்த ஆண்டு என்பது ஒருவர் கையிலும் இல்லை.

நலமே சென்று நலமே திரும்புக!